பக்கத்துப் பாய்

அழுவதற்கு ஓர் இடம் இருக்கிறதென்று கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போய் அங்கே வரிசையில் உட்கார்ந்த மனிதர் இரத்தினவேல். சிரிக்காதீர்கள். சிரிப்பார்கள் என்று தெரிந்துதான் மண்டபம் அகதி முகாமில் அவர் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் துவைத்த சட்டையும் சாரமுமாக ரோட்டுக்கு வந்து நின்றவரைப் பார்த்து, "வேலைக்கோ அண்ணை?" என்று கேட்டவர்களுக்கு "ஓம்" என்றார். அது பொய்யும் இல்லை. முடித்துக் கொடுக்க வேண்டிய ஒரு வேலையாகத்தான் அவர் அதை எடுத்துக்கொண்டிருந்தார். வேலைக்குக் கெடுவும் இருந்தது.

கெடு, அவர் மனைவி விமலாதேவியின் ஆட்டைத் திவசம். அவள் செத்து ஒரு வருஷம் ஆகிற நாள். அதற்குள் அவருக்குக் கண்ணீர் வந்தாக வேண்டும். வந்தால் ஒரே மகள் தக்சிகா அவரோடு பேசுவாள். வராவிட்டால் மாட்டாள். இதை அவள் வாயாலேயே சொல்லியிருந்தாள், அதுவும் பத்துப் பேர் கேட்க.

இரத்தினவேலுக்கு வயது அறுபதை நெருங்குகிறது. இளந்தாரியாக இருந்தபோது மன்னார்ப் பக்கத்திலிருந்து படகில் வந்து இறங்கியவர். கூட வந்தவள்தான் விமலாதேவி. முகாமிலேயே கல்யாணம், முகாமிலேயே பிள்ளை, முகாமிலேயே பேரப்பிள்ளையும் ஆயிற்று. தொழில் பெயிண்ட் அடிப்பது. முகாம் ஆண்களில் பாதிப் பேருக்கு அதுதான் தொழில். காலையில் தூக்குவாளியும் பிரஷ்ஷுமாகக் கிளம்பி ராமநாதபுரம், உச்சிப்புளி, தேவிபட்டினம் என்று போவார்கள். சாயங்காலம் திரும்பிவிட வேண்டும். அந்தக் கூட்டத்தில் இரத்தினவேலுக்கு மட்டும் தனிப் பெயர். அவர் சீலிங் ஆள். அண்ணாந்து கையைத் தூக்கிக்கொண்டு நாள் பூராவும் மேற்கூரைக்குப் பூசுவார். வேலைக்கு அழைத்துப் போகிற மேஸ்திரி இருளாண்டி, நயினார்கோவில் பக்கத்து ஆள், வீட்டுக்காரர்களிடம் இதையே விளம்பரமாகச் சொல்லுவார்.

"மத்தவனுக்கெல்லாம் கொஞ்ச நேரத்துல தோள்பட்டை விட்டுப் போயிரும் சார். நம்ம ரத்தினண்ணனுக்குக் கை மேல போனா எறங்காது."

கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். இரத்தினவேலும் லேசாகச் சிரித்துவைப்பார். அவருக்குக் கை வலித்ததே இல்லை. வலிக்க வேண்டிய இடத்தில் என்ன இருந்ததென்று அவர் யோசித்ததும் இல்லை.

விமலாதேவிக்கு இரண்டு சிறுநீரகமும் போயிருந்தது. ராமநாதபுரத்துக்கும் முகாமுக்குமாக அலைந்து, கடைசியில் ஒரு கார்த்திகை மாதக் காலையில் முடிந்துபோனாள். உடம்பைக் கொண்டுவந்து வீட்டில் கிடத்தியபோது, அந்த ஒற்றை அறைக்குள் பெண்கள் விழுந்து புரண்டு குளறினார்கள். இரத்தினவேல் தலைமாட்டில், மகளுக்குப் பக்கத்தில், முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணில் ஈரம் இல்லை. முகத்தில் ஒன்றும் இல்லை. வெகுநேரம் அப்படியே இருந்துவிட்டு, திடீரென்று வாயைத் திறந்து, "குழாயில தண்ணி வந்திட்டுதோ?" என்று கேட்டார்.

கேட்டிருக்கக் கூடாதுதான். முகாமில் தண்ணீர் வருகிற நேரத்தை விட்டால் அடுத்த நாள்தான், பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும், அதற்காகக் கேட்டார் என்று அவருக்காகப் பேச ஒருத்தியும் முன்வரவில்லை. தக்சிகா அழுகையை நிறுத்திவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைச் சொல்லாமல் விடுகிறேன்.

முப்பத்தொன்றாம் நாள் காரியத்திலும் அதே கதை. தாடி வளர்ந்திருந்தது, கண் காய்ந்திருந்தது. சாப்பாடு முடிந்து சனம் கை கழுவுகிற நேரத்தில் தக்சிகா வாசலில் நின்று சொன்னாள்.

"என்ர அம்மாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத ஆளோட எனக்குக் கதையில்லை. ஆட்டைக்கும் இப்பிடித்தான் மரம் மாதிரி இருக்கப் போறார் எண்டா, நான் இந்த வாசலுக்கு வாறதும் அண்டையோட சரி."

சொன்னதைச் செய்கிறவள் அவள். அவள் வீடு நான்கு வரிசை தள்ளித்தான். குழாயடியில் தினமும் பார்ப்பார். குடத்தை நகர்த்தி அவருக்கு இடம் விடுவாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். அதிகாரிகள் வந்து ஆள் சரிபார்க்கிற நாளில் முகாமே வரிசையில் நிற்கும். வேலைக்குப் போனவன், வெளியூர் போனவன் எல்லாம் வந்து தலையைக் காட்டியாக வேண்டும். முன்பெல்லாம் அந்த வரிசையில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பின்னால் நின்று தக்சிகா வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பாள். இப்போது மாப்பிள்ளை ஜீவிதன் பின்னால் நிற்கிறாள். இரத்தினவேல் குடும்ப அட்டையை நீட்டுவார், "ஒரு ஆள்தானா?" என்பார்கள், "ஓம்" என்பார்.

அவருக்கு வருத்தமாக இருந்ததா என்றால், இருந்திருக்க வேண்டும். இருக்கிற இடம்தான் தெரியவில்லை. இரவில் விமலாதேவியின் சேலையை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தார். வாசம் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. வெங்காயம் உரித்துப் பார்த்தார். கண் எரிந்து நீர் வடிந்தது. அதைத் துடைத்துவிட்டுக் குழம்பு வைத்தார். அவருக்கே தன்மேல் எரிச்சலாக இருந்தது. எந்த மனிதனுக்கும் இலவசமாகக் கிடைக்கிற சாமான் தனக்கு மட்டும் ஏன் இல்லாமல் போயிற்று என்று நினைத்தார்.

இப்படி இருக்கையில்தான் இருளாண்டி ஒரு சேதி கொண்டுவந்தார். உச்சிப்புளியில் ஒரு கம்பிக் கடைக்கு மேல் மாடியில் வெள்ளையடிக்கும் வேலை. வாடகைக்கு எடுத்திருப்பவர் கீழக்கரை ஆள், சஃபீர் என்று பெயர். ஜப்பானில் கோபே என்கிற ஊரில் முத்துக் கடையில் வெகுகாலம் இருந்துவிட்டு வந்தவர்.

"வெள்ளச் சுவருதான் வேணுமாம்ணே. ஒரு படம் கூடாதாம், ஆணி கூடாதாம். ஞாயித்துக்கிழமை அங்கன பத்துப் பேரு வந்து சுவரப் பாத்து உக்காருறாங்க. பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது. ஜப்பான்காரன் தியானமாம், ஜென்னுங்கிறாரு. நான் அளவெடுக்கப் போனேன்ல, ஒரு ஆளு, பெரிய உத்தியோகஸ்தர் மாதிரி இருக்காரு, சுவரப் பாத்துக்கிட்டே தேம்பித் தேம்பி அழுவுறாருண்ணே. யாரும் அடிக்கல, வையல. என்னன்னு கேட்டா, இங்கன வந்தா சில பேருக்கு அப்பிடி வரும்ங்கிறாரு அந்தாளு."

இருளாண்டி இதை வேடிக்கையாகச் சொன்னார். இரத்தினவேல் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாருக்கும் வருமோ?" என்று கேட்டார்.

அந்தச் சுவருக்கு இரண்டு கோட் வெள்ளை அடித்தவர் இரத்தினவேல்தான். வேலை முடிந்த அன்றைக்கு சஃபீரிடம் நேராகவே கேட்டார். தனக்கு அழுகை வர வேண்டும், கார்த்திகைக்குள் வர வேண்டும், இங்கே உட்கார்ந்தால் ஆகுமா என்று. சஃபீர் ஒல்லியான மனிதர், குறுந்தாடி நரைத்துவிட்டது. சிரிக்கவில்லை.

"இது ஆஸ்பத்திரி இல்லண்ணே. தொழுகையும் இல்ல, பூசையும் இல்ல. உக்காருறது. அம்புட்டுதான். உடம்ப நேரா வச்சா, உள்ள எங்கயாவது இறுக்கிப் புடிச்சு வச்சிருக்கிறது சில நேரம் விட்டுக் குடுக்கும். சில பேரு அழுவாங்க. சில பேரு சிரிப்பாங்க. எனக்கு ஆறு மாசம் கோவமா வந்துச்சு. நிறையப் பேருக்குக் கால் வலிதான் வரும். நான் ஒண்ணும் சொல்ல முடியாது. வாரீகளா, வாங்க."

முதல் ஞாயிறு சஃபீர் பாய் போட்டு, அதன் மேல் பஞ்சு அடைத்த தடித்த திண்டு போட்டு, உட்காரக் கற்றுக்கொடுத்தார். புட்டம் உயரத்தில், முழங்கால் இரண்டும் தரையில். முதுகு நேராக, ஆனால் விறைப்பாக இல்லாமல். மோவாய் கொஞ்சம் உள்ளே. கண்ணை மூடக் கூடாது. பாதி தாழ்த்திச் சுவரைப் பார்க்க வேண்டும். கை மடியில், இடது மேல் வலது கீழ், கட்டைவிரல் இரண்டும் தொட்டும் தொடாமலும். மூச்சு வருகிறபடி வரட்டும். மணி அடித்தால் தொடக்கம், மறுபடி அடித்தால் முடிவு. நடுவில் அசையக் கூடாது.

இரத்தினவேலுக்குக் கால் மடக்கி உட்காருவது புதிதில்லை. சஃபீர் பின்னால் வந்து நின்றவர், "தோளைக் கீழ விடுங்கண்ணே" என்றார். விட்டிருப்பதாகத்தான் இரத்தினவேல் நினைத்திருந்தார். "காதுகிட்ட நிக்குது தோளு. பெயிண்ட் அடிச்சு அடிச்சு அப்பிடி ஆயிப்போச்சா?" என்று கேட்டுவிட்டு சஃபீர் நகர்ந்துபோனார். இரத்தினவேல் தோளை இறக்கினார். கொஞ்ச நேரத்தில் அது தானாகப் பழைய இடத்துக்கு ஏறிக்கொண்டது. வலது பக்கத்துப் பாயில் வினோத்குமார் என்ற மருந்துக் கம்பெனிப் பையன். அவன் வயிற்றுச் சத்தம் கேட்டது. தான் அடித்த வெள்ளையில் ஓரிடத்தில் பிரஷ் மயிர் ஒட்டியிருப்பதை இரத்தினவேல் கண்டுபிடித்தார். மணி அடித்தது. அழுகை வரவில்லை. கால் மரத்துப்போய் எழுந்திருக்க முடியவில்லை. போன பஸ் காசுக்குக் கால் மரத்ததாவது மிச்சம் என்று நினைத்துக்கொண்டு திரும்பினார்.

அடுத்த ஞாயிறு ஒரு காரியம் நடந்தது. மணி அடித்து, அறை அடங்கி, எல்லோரும் சுவரைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருக்கையில், பின்னால் சஃபீர் மெதுவாக நடந்து வந்தார். யார் கூனியிருக்கிறார்கள் என்று பார்க்க அப்படி ஒரு முறை நடப்பார். வெறுங்கால்தான். ஆனால் அந்தக் காலடி முதுகுக்குப் பின்னால் நெருங்கியதும் இரத்தினவேலின் இரண்டு கைகளும் மடியை விட்டு எழுந்து, தலைக்குப் பின்னால் போய், விரலோடு விரல் கோத்துக்கொண்டன. அவர் அதைச் செய்யவில்லை. செய்யப்பட்டுவிட்டதென்று கொஞ்சம் பிந்தித்தான் அவருக்கே தெரிந்தது. இறக்கப் பார்த்தார். முடியவில்லை. கை அவருடையதாகவே இல்லை.

காலடி நின்றது. சஃபீர் குனிந்து, காதோரம், "கை அங்கன இருக்கணும்னா இருக்கட்டும்ண்ணே. முதுகு நேரா இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு அப்பால் போனார். வினோத்குமார் ஓரக்கண்ணால் பார்த்தான். இரத்தினவேல் மணி அடிக்கும்வரை தலையில் கை கோத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது. அதைத் தவிர வேறு எதுவும் அன்றைக்கும் இல்லை.

மூன்றாவது ஞாயிறு மழை பிடித்துக்கொண்டது. கடல் பக்கமிருந்து காற்று ஆளைத் தள்ளியது. திவசத்துக்கு இன்னும் ஒரு வாரமே இருந்ததால் இரத்தினவேல் குடையும் இல்லாமல் பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தார். மாடியில் சஃபீர் மட்டும் இருந்தார். வேறு ஒருவரும் வரவில்லை. "நாம ரெண்டு பேரும் உக்காருவோம்" என்று சொல்லி, சஃபீர் எதிர்ச் சுவரைப் பார்த்து முதுகு காட்டி உட்கார்ந்துவிட்டார். மணி அடித்தது.

மழைச் சத்தம். வெள்ளைச் சுவர். கை இந்த முறை யார் நடந்தும் வராமலே மேலே போயிற்று. போகட்டும் என்று விட்டுவிட்டார். கண்ணைத் தாழ்த்தியபோது பக்கத்துப் பாய் தெரிந்தது. அதில் ஆள் இல்லை. விரித்த பாயும் அமுங்காத திண்டும்தான் இருந்தன.

அப்போது அவருக்கு அந்தப் பழைய சுவர் வந்தது. மன்னார்ப் பக்கத்தில் அவர் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பின்சுவர். ஊர் ஆண்களை எல்லாம் சேர்த்துக் கொண்டுவந்து அதன் முன்னால் வரிசையாக இருத்தியிருந்தார்கள். சுவரைப் பார்த்து இரு. முதுகை நிமிர்த்து. கையைத் தலையில் வை. திரும்பாதே. துவக்கோடு வந்தவர்கள் எந்தச் சீருடை என்று என்னைக் கேட்காதீர்கள். அவருக்கே தெரியாது, அவர் பார்த்ததெல்லாம் சுவர்தான். பக்கத்தில் தம்பி கோகிலன் இருந்தான். மீசை அரும்பிய வயது. முழங்கால் முழங்காலோடு தொட்டுக்கொண்டிருந்தது. இரத்தினவேலுக்குப் பயம். அடக்கிப் பார்த்து, அடக்க மாட்டாமல், வாய்விட்டுத் தேம்பிவிட்டார்.

"ஆர் அங்கே அழுகிறது?"

பின்னால் சப்பாத்துக் காலடி வந்தது. இருவருக்கும் நடுவில் வந்து நின்றது. அழுதவர் இரத்தினவேல். எழுப்பிக் கொண்டுபோனது கோகிலனை. ஆள் மாறிவிட்டதென்று சொல்ல இரத்தினவேலுக்கு வாய் எழவில்லை. கோகிலனும் சொல்லவில்லை. தொட்டுக்கொண்டிருந்த முழங்கால் விலகியது. வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது. கோகிலன் அதன் பிறகு எங்கும் இல்லை.

கையை இறக்கச் சொல்லாமலே துவக்கோடு வந்தவர்கள் போய்விட்டார்கள். வெயில் சாய்ந்ததும் மற்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்து, எழுந்து போனார்கள். இரத்தினவேல் எழவில்லை. பெண்கள் ஓடி வந்தார்கள். பின்வேலி வீட்டுப் பெட்டை ஒருத்தி, அதுவரை அவரோடு இரண்டு வார்த்தை பேசியிராதவள், முன்னால் வந்து குந்தினாள். "எல்லாரும் போயிட்டாங்கள். கையை இறக்குங்கோ" என்றாள். இறங்கவில்லை. கட்டையாக விறைத்திருந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்து முதலில் ஒன்றை, பிறகு மற்றதை, உடைந்துவிடும் சாமானைப் போல இறக்கி அவர் மடியில் வைத்தாள். அவள்தான் விமலாதேவி.

உச்சிப்புளி மாடியில் இரத்தினவேல் அழுதார். முதலில் வயிறு குலுங்கியது. ஏதோ ஒவ்வாமல் போயிற்று என்றுதான் நினைத்தார். பிறகு தோள் ஆடியது. பிறகு தொண்டையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு அவரே பயந்துபோனார். கை தலையிலேயே கிடந்ததால் துடைக்க வழியில்லை. கண்ணீரும் மூக்குநீரும் தாடியில் வடிந்து சட்டையில் சொட்டின. கோகிலனுக்காக அழுதார். விமலாதேவிக்காக அழுதார். யாருக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. சஃபீர் திரும்பிப் பார்க்கவில்லை. மணி அடிக்க வேண்டிய நேரம் வந்து தாண்டிப் போயிற்று, அவர் அடிக்கவில்லை. மூக்கைச் சிந்த வேண்டிய கட்டாயத்தில், எப்போது இறங்கியது என்று தெரியாமலே கை இறங்கியிருந்தது.

கடைசியில் சஃபீர் எழுந்து வந்து ஒரு துண்டும் ஒரு குவளை சுடு தேநீரும் வைத்தார். "வந்துச்சா" என்றார்.

"வந்திட்டுது" என்றார் இரத்தினவேல். வேலையை முடித்துவிட்ட திருப்தி அவருக்கு. மகளிடம் உடனே காட்ட வேண்டும் என்றிருந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து பரிசு வாங்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி அந்த மனிதர் மழையில் பஸ் ஏறினார். கண் இரத்தமாகச் சிவந்து, முகம் வீங்கி, குரல் கட்டியிருந்தது. நெடுநேரம் மடக்கிய முழங்கால்கள் பிடித்துக்கொண்டு, ஒரு கால் ஒழுங்காக வைக்க முடியாமல் சாய்ந்து சாய்ந்து நடந்தார். அந்தக் கோலத்தோடு மகள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மழை பெய்கிற ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத நாள், சிவந்த கண்ணும் தள்ளாடும் காலுமாக ஓர் ஆண் வாசலில் வந்து நின்றால் முகாமில் எந்தப் பெண்ணும் வேறு எதையும் நினைக்க மாட்டாள். இரத்தினவேலும் இளவயதில் ஊற்றிக்கொண்டு வந்து விமலாதேவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்தான். தக்சிகா கதவைத் திறந்தாள். பார்த்தாள்.

"பிள்ளை, வந்திட்டுது" என்றார் இரத்தினவேல்.

அவள் உள்ளே திரும்பி, புருஷனிடம் சொன்னாள். "அம்மாவின்ர திவசத்துக்கு இன்னும் ஒரு கிழமை கூட இல்லை, குடிச்சுப் போட்டு வந்து நிக்கிறார்." கதவு சாத்திக்கொண்டது. ஜீவிதன் ஏதோ சமாதானம் சொல்வதும் அவள் அதட்டுவதும் கேட்டன. இரத்தினவேல் கூரைத் தண்ணீர் தலையில் விழ நின்றுவிட்டு வீட்டுக்குப் போனார். நல்லவேளை, எப்படி அழுவதென்று இப்போது தெரியும், திவசத்தன்று பார்த்துக்கொள்ளலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

திவசத்தன்று வரவில்லை.

விமலாதேவியின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. அவளுக்குப் பிடித்த புட்டும், கத்தரிக்காய்ப் பால்கறியும், மரக்கறி எல்லாமும் வாழையிலையில் படைத்திருந்தது. ஐயர் சொல்லச் சொல்ல இரத்தினவேல் எள்ளையும் தண்ணீரையும் விட்டார். தக்சிகா வந்திருந்தாள், அம்மாவுக்காக வந்திருந்தாள். பாயில் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார வேண்டியிருந்தது, முறை அப்படி. முழங்கால் படாமல் ஒதுங்கி உட்கார்ந்தாள். சனம் வாசல்வரை நின்றது. எல்லோருடைய கண்ணும் அவர் கண்ணில்தான். இரத்தினவேல் உள்ளுக்குள் தேடினார். உச்சிப்புளிச் சுவரை நினைத்தார். வற்றிய கிணற்றில் வாளி விட்டால் மண்ணைச் சுரண்டுகிற சத்தம் வருமே, அப்படித்தான் இருந்தது. ஒன்றும் இல்லை.

ஐயர் கற்பூரத்தைக் கொளுத்தி, "தலைக்கு மேல கையைத் தூக்கிக் கும்பிட்டுக்கொள்ளுங்கோ" என்றார்.

தூக்கினார். கும்பிட்ட கை மெல்லப் பின்னால் சாய்ந்து, தலைக்குப் பின்னால் விரல் கோத்துக்கொண்டது. கற்பூரம் எரிந்து அணைந்தது. ஐயர் அடுத்ததைச் சொன்னார். கை இறங்கவில்லை. முதுகு நேராக, கண் காய்ந்து, அவர் படத்துக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் யாரோ கிசுகிசுத்தார்கள். அவர் வயதுள்ள இரண்டு மூன்று ஆண்கள் மட்டும், அந்தக் கையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

தக்சிகாவுக்கு மானம் போயிற்று. கோபத்தோடு திரும்பி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கையை இறக்குங்கோ."

இழுத்தாள். வரவில்லை. கட்டையாக இருந்தது. அப்போதுதான் அவளுக்கு ஏதோ பட்டிருக்க வேண்டும். பிடியைத் தளர்த்தி, முதலில் ஒன்றை, பிறகு மற்றதை, மெதுவாக இறக்கி அவர் மடியில் வைத்தாள்.

"உன்ர அம்மாவும் இப்பிடித்தான் இறக்கினவ" என்றார் இரத்தினவேல்.

"எப்ப?"

ஒரு வருஷத்தில் அவள் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவர் சொன்னார். ஐயர் இருக்க, படையல் ஆற, அத்தனை சனமும் கேட்க, பள்ளிக்கூடச் சுவரையும் கோகிலனையும் சப்பாத்துக் காலையும், பின்வேலி வீட்டுப் பெட்டையையும் சொன்னார். பெயிண்ட் டப்பாவின் விலையைச் சொல்கிற குரலில் சொன்னார். சித்தப்பன் கோகிலன் காணாமல் போனவன் என்று தக்சிகாவுக்குத் தெரியும். எப்படி என்று தெரியாது. அந்த வீட்டில் அதைக் கேட்க மாட்டார்கள்.

"அண்டைக்கு நான்தான் குளறினனான் பிள்ளை. பக்கத்தில இருந்தவனைக் கொண்டு போயிட்டாங்கள்." அடுத்து வரப்போவது அவருக்கே அதுவரை தெரியாது. "அம்மாவைக் கொண்டுவந்து கிடத்தின நேரம், எனக்குப் பக்கத்தில நீ இருந்தனீ."

தக்சிகா அவர் கையை இன்னும் விடவில்லை. அவள் வாய் கோணிக்கொண்டு போயிற்று. சத்தமில்லாமல் அழுதாள். பிறகு ஒதுங்கி வைத்திருந்த முழங்காலை நகர்த்தி, அவர் முழங்காலோடு சேர்த்து வைத்து உட்கார்ந்தாள்.

"ஒருத்தரும் வரேல்லை, அப்பா. நான் இங்கதான் இருக்கிறன். நீங்கள் அழுங்கோ."

அவருக்கு உடனே வரவில்லை. சுவரைப் பார்த்தார், மடியிலிருந்த கையைப் பார்த்தார், பக்கத்தில் அவள் இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தார். இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தார். வெளியே குழாயில் தண்ணீர் வந்துவிட்டதென்று யாரோ சத்தம் போட்டார்கள். வாசலில் நின்றவர்களில் ஒருவரும் குடத்துக்குப் போகவில்லை. தக்சிகாவும் எழுந்திருக்கவில்லை.